மருந்து எழுதும் திரையில் எச்சரிக்கை: 41 விதிகளில் தொடங்கி 9இல் நின்றது

60 படுக்கைகள் உள்ள ஓர் அறக்கட்டளை மருத்துவமனை. காலையில் ஓ.பி., மூன்று வார்டு, சொந்த லேப், சொந்த பார்மசி. மருத்துவர் கணினியில் மருந்து எழுதும்போதே தவறான அளவையும், சேர்த்துக் கொடுக்கக்கூடாத மருந்துகளையும், சிறுநீரகம் தாங்காத மருந்துகளையும் திரை சுட்டிக்காட்ட வேண்டும். இவ்வளவுதான் வேலை. முதல் முறை வைத்ததைப் பத்தே நாளில் அணைக்க வேண்டியதாயிற்று. இரண்டாம் முறை பாதி நின்றது, பாதி விழுந்தது. மூன்றாம் முறை வைத்தது இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. அணைக்கச் சொல்லி யாரும் வரவில்லை. இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு உதவும் என்பதால் மூன்று முறையும் நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறோம்.

என்ன இருந்தது, என்ன சேர்த்தோம்

பாம்னி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. சத்தீஸ்கரில் கனியாரி என்ற ஊரில் உள்ள ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக் மருத்துவமனைக்காகத் தொடங்கப்பட்ட திறந்தமூல மென்பொருள் அது. நோயாளிப் பதிவுக்கு ஓப்பன்எம்.ஆர்.எஸ்., லேபுக்கு ஓப்பன்எலிஸ், பில்லுக்கும் இருப்புக்கும் ஓடூ என மூன்றையும் இணைத்துத் தருகிறது.

எச்சரிக்கை விதிகளைப் பாம்னிக்குள்ளேயே எழுதாமல் பைத்தானில் ஒரு தனிச் சேவையாக வைத்தோம். பாம்னியின் பதிப்பு மாறும்போதெல்லாம் விதிகளைத் திரும்ப எழுத முடியாது என்பதுதான் காரணம். இரண்டுக்கும் இடையில் பேசிக்கொள்ள மருத்துவ மென்பொருள்கள் தகவல் பரிமாறிக்கொள்ளும் தரங்களை வகுக்கும் எச்.எல்.7 அமைப்பின் சி.டி.எஸ். ஹுக்ஸ் என்ற தரத்தைப் பயன்படுத்தினோம். மருத்துவர் ஒரு மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போதும், எழுதி முடித்துக் கையொப்பமிடும்போதும் பாம்னி சேவையைக் கூப்பிடும். சேவை ஓர் அட்டையைத் திருப்பி அனுப்பும். அட்டையின் முதல் வரி 140 எழுத்துகளுக்குள் இருக்க வேண்டும். தகவல், எச்சரிக்கை, அபாயம் என்று மூன்று நிலைகள் உண்டு. 500 மில்லிவினாடிக்குள் பதில் வர வேண்டும் என்று தரம் பரிந்துரைக்கிறது.

அந்த 500ஐ முதலில் அலட்சியப்படுத்திவிட்டோம். சேவை ஒவ்வொரு முறையும் நோயாளியின் முழுப் பதிவையும் கேட்டு வாங்கியது. நாலைந்து வருடமாக வரும் சர்க்கரை நோயாளிக்குத் திரை மூன்று நான்கு வினாடி உறைந்து நின்றது. வெளியே டோக்கன் வரிசை நிற்கும் ஓ.பி.யில் அது ஒத்துவராது. பிறகு கூப்பிடும்போதே வயது, பாலினம், கடைசி எடை, கடைசி இரண்டு க்ரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), ஒவ்வாமை, நோய்ப் பட்டியல், நடப்பு மருந்துகள் ஆகியவற்றை மட்டும் கூடவே அனுப்பும்படி மாற்றினோம். அதன்பின் தாமதம் கண்ணுக்குத் தெரியவில்லை.

சேவைக்கு 16 ஜிபி நினைவகம் உள்ள ஒரு சாதாரண மேசைக் கணினியே போதும். அதையும் யு.பி.எஸ்.ஸையும் சேர்த்து ஏறத்தாழ 65,000 ரூபாய்.

முதல் முறை: எல்லாவற்றுக்கும் மணி அடித்தது

பாடநூல் அட்டவணைகளிலிருந்தும், இணையத்தில் கிடைத்த பட்டியல்களிலிருந்தும், மருத்துவர்கள் கேட்டவற்றிலிருந்தும் 41 விதிகள் எழுதினோம். அத்தனையும் ஒரே நாளில் ஓடத் தொடங்கின. அத்தனையும் திரையை மறித்து ‘சரி’ அழுத்தினால்தான் நகரும் வகை.

இதய நோயாளி யாராக இருந்தாலும் ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் சேர்ந்தே எழுதப்படும். ‘ரத்தக்கசிவு அபாயம்’ என்று திரை ஒவ்வொரு மாதமும் ஒவ்வொருவருக்கும் சொன்னது. தெரிந்தே சேர்த்துக் கொடுக்கும் மருந்து அது. முழங்கால் வலிக்குத் தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல்லுக்குச் சிறுநீரக எச்சரிக்கை வந்தது. பென்சிலின் ஒவ்வாமை என்று பதிவான எல்லோருக்கும் செஃப்ட்ரையாக்சோன் என்ற ஆன்டிபயாட்டிக் தடுக்கப்பட்டது. இரண்டாம் நாளே மருத்துவர்களின் விரல் படிக்காமல் ‘சரி’யை அழுத்தப் பழகிவிட்டது. உண்மையிலேயே பார்க்க வேண்டிய ஒன்று வந்தாலும் அந்த விரல் நிற்காது. மருந்து எச்சரிக்கைகளில் 49 முதல் 96 சதவீதம் வரை ஒதுக்கித் தள்ளப்படுவதாக 2006இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு காட்டியிருக்கிறது. எண் முன்பே தெரிந்திருந்தும் 41 விதிகள் எழுதியது எங்கள் பிழை.

பத்தாம் நாள் எல்லாவற்றையும் அணைத்தோம்.

மருந்துப் பட்டியல்: பாதி வேலை இங்கேதான்

அணைத்தபின் பார்த்ததில், எச்சரிக்கைகள் தவறியதற்கு விதிகள் மட்டும் காரணமில்லை என்பது தெரிந்தது. பார்மசியின் இருப்புப் பட்டியல் பில் போடுவதற்காக எழுதப்பட்டது. ஏறத்தாழ 600 வரிகள். ஒரே மருந்து மூன்று எழுத்துக்கூட்டில் இருக்கும். மருந்தின் வலிமை பெயருக்குள்ளேயே ஒட்டியிருக்கும். மாத்திரையா, சிரப்பா, கண் சொட்டா என்பதைப் பெயரைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும்.

நம் ஊரில் கூட்டு மாத்திரைகள் அதிகம். டோலோ 650 என்ற வரியில் பாராசிட்டமால் என்ற சொல்லே கிடையாது. அசெக்ளோஃபெனாக் கூட்டு மாத்திரைக்குள் 325 மி.கி. பாராசிட்டமால் இருக்கிறது. சளி மாத்திரைக்குள் 500 இருக்கிறது. காய்ச்சலோடும் உடம்பு வலியோடும் மூக்கடைப்போடும் வருகிறவருக்கு மூன்றும் ஒரே சீட்டில் ஏறிவிடும். 650 நாலு வேளை 2,600. கூட்டு மாத்திரை இரண்டு வேளை 650. சளி மாத்திரை மூன்று வேளை 1,500. மொத்தம் 4,750 மி.கி. பெரியவருக்கு நாளொன்றுக்கு 4,000தான் மேல் எல்லை. மூன்று வரியையும் தனித்தனியே பார்த்தால் எதிலும் தவறில்லை. உட்பொருளைப் பிரித்துக் கூட்டினால்தான் தவறு தெரியும்.

எனவே பட்டியலை உட்பொருள் வாரியாகப் பிரித்து எழுதினோம். ஒவ்வொரு வரிக்கும் பிராண்டு, உட்பொருள்கள், ஒவ்வொன்றின் அளவு, வடிவம், கொடுக்கும் வழி. திரவ மருந்துகளுக்கு 125/5, 250/5 (5 மி.லி.யில் 125 அல்லது 250 மி.கி.) என்ற பேச்சே வேண்டாமென்று, எல்லாவற்றையும் ஒரு மி.லி.க்கு எத்தனை மி.கி. என்று மாற்றினோம். உட்பொருளுக்கு, மருத்துவச் சொற்களுக்கான சர்வதேசக் குறியீட்டுத் தொகுப்பான ஸ்னோமெட் சி.டி.யின் குறியீடு கொடுத்தோம். இந்தியா 2014 முதல் அதில் உறுப்பு நாடாக இருப்பதால் உரிமக் கட்டணம் கிடையாது. பூனேயில் சி-டாக் என்ற மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனத்தில் உள்ள தேசிய வள மையத்தின் வழியாகப் பதிவுசெய்து எடுத்துக்கொள்ளலாம். பார்மசிஸ்ட் ஒருவர் தினமும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஐந்து வாரத்தில் முடித்தார். கணினி ஆட்கள் பெயரை வைத்துத் தானாகப் பிரிக்கும் நிரல் ஒன்று எழுதினார்கள். அது தப்பாகப் பிரித்ததைத் திருத்தவே அதிக நேரம் போனதால் அதைத் தூக்கிப்போட்டோம். இந்த வேலைக்குக் கையும் மருந்து அட்டையும் அட்டையைப் படிக்கத் தெரிந்த கண்ணும்தான் வேண்டும்.

கொடுக்கும் வழியைச் சேர்த்த உடனே இன்னொரு தவறு செய்தோம். தடவுவது, கண்ணில் விடுவது, காதில் விடுவது எதற்கும் எச்சரிக்கை வேண்டாம் என்று மொத்தமாக விலக்கினோம். டைக்ளோஃபெனாக் ஜெல்லுக்கு அது சரி. ஆனால் கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டு மூக்குக்குழாய் வழியாக ரத்தத்தில் சேர்ந்து ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும். அந்த எச்சரிக்கையும் சேர்ந்து காணாமல் போயிற்று. இப்போது விலக்கு விதிக்கு விதி எழுதப்படுகிறது. பொது விலக்கு எதுவும் இல்லை.

புதுப் பிராண்டு வந்து இறங்கும்போது அதற்கு உட்பொருள் பதிவு இருக்காது. விதிகளுக்கு அது கண்ணுக்குத் தெரியாத மருந்து. கொள்முதல் பதிவைத் தடுத்து நிறுத்திப் பார்த்தோம். அவசர மருந்துக்குப் பில் போட முடியாமல் சண்டை வந்தது. இப்போது பில் போகும்; மருந்து எழுதும் திரையில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ‘சோதனை இல்லை’ என்ற சாம்பல் நிறக் குறி நிற்கும்; அன்று மாலைக்குள் பார்மசிஸ்ட் அதை நிரப்பிவிட வேண்டும்.

குழந்தைக்கான அளவு: எடையும் மி.லி.யும்

எல்லா விதிகளிலும் அதிகப் பயன் தந்தது இது; அதிகம் அலைக்கழித்ததும் இதுவே.

8 கிலோ குழந்தைக்கு பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. வீதம் 120 மி.கி. அது சொட்டு மருந்தில் (மி.லி.க்கு 100) 1.2 மி.லி. 125 சிரப்பில் 4.8 மி.லி. 250 சிரப்பில் 2.4 மி.லி. மூன்று பாட்டிலும் ஒரே அலமாரியில் இருக்கின்றன. மருத்துவர் 125ஐ மனதில் வைத்து ‘5 மி.லி.’ என்று எழுதி, அன்று 125 தீர்ந்துபோய் 250 கொடுத்தால் குழந்தைக்கு இரட்டிப்பு போகும். சொட்டு மருந்துப் பாட்டிலிலிருந்து 5 மி.லி. போனால் 500 மி.கி., அதாவது கிலோவுக்கு 62.5.

இதற்கு எச்சரிக்கை எழுதிப் பயனில்லை என்பதை இரண்டாம் முறையில்தான் புரிந்துகொண்டோம். மருத்துவர் எழுதும்போது எந்தப் பாட்டில் கைக்குப் போகும் என்பது திரைக்குத் தெரியாது. எனவே எழுதும் முறையையே மாற்றினோம். மருத்துவர் மி.கி.யில் மட்டும் எழுதுவார். பார்மசியில் பாட்டிலின் பார்கோடை ஸ்கேன் செய்தபின்தான் மி.லி. கணக்கிடப்பட்டு, தமிழில் லேபிள் அச்சாகும். மி.லி. எழுதும் கட்டமே மருத்துவர் திரையிலிருந்து எடுக்கப்பட்டது. முதல் வாரம் முணுமுணுப்பு இருந்தது, பிறகு அடங்கியது. லேபிள் அச்சுப்பொறிக்கு 12,000 ரூபாய் ஆனது. இந்தத் திட்டத்தில் மிக நல்ல செலவு என்று அதைத்தான் சொல்வோம்.

மி.கி. என்றும் மி.கி./கிலோ என்றும் இரண்டு அலகைத் தேர்ந்தெடுக்கும் கட்டம் வைக்கவே கூடாது. 2013இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பல்கலைக்கழக மருத்துவமனையில் 160 மி.கி. என்று நினைத்து எழுதியது கிலோவுக்கு 160 என்று கணினியில் பதிவாகி, 38.6 கிலோ எடையுள்ள 16 வயதுச் சிறுவனுக்கு ஒரு மாத்திரைக்குப் பதில் 38½ மாத்திரைகள் கொடுக்கப்பட்டன. கணினி எச்சரித்தது, வழக்கமான நூறு எச்சரிக்கைகளில் ஒன்றாக அதுவும் தாண்டப்பட்டது. சிறுவன் பிழைத்துக்கொண்டான். எங்கள் திரையில் மி.கி. கட்டம் ஒன்றுதான். அதை நிரப்பியதும் கீழே சிறிய எழுத்தில் ‘கிலோவுக்கு 15.0’ என்று தானாகத் தெரியும்.

அடுத்தது எடை. ஓ.பி. பதிவில் 8.5 என்பது 85 ஆகும். பச்சிளங்குழந்தை வார்டில் 2,850 கிராம் என்பது கிலோ கட்டத்தில் அப்படியே விழும். வயதுக்கேற்ற கீழ் எல்லை, மேல் எல்லை வைத்தோம். ஒரு வயதுக்குள் 14 கிலோவுக்கு மேல் என்றால் ‘திரும்ப நிறுத்திப் பார்க்கவும்’ என்று வரும். எடைக்கு ஆயுளும் உண்டு: ஒரு வயதுக்குள் 15 நாள், ஐந்து வயதுக்குள் 60 நாள். அதைத் தாண்டினால் மருந்துத் திரை புது எடை கேட்கும். அப்படிக் கேட்டும் எடை வராததற்குக் காரணம் வேறிடத்தில் இருந்தது. குழந்தை எடை பார்க்கும் கருவி ஒன்றே ஒன்று, அதுவும் தடுப்பூசி அறையில். ஓ.பி. வாசலில் இன்னொன்று வாங்கி வைத்தோம். 3,500 ரூபாய்.

விதியிலும் ஓட்டைகள் இருந்தன. நாள் மொத்தம் கிலோவுக்கு 60ஐத் தாண்டக்கூடாது என்று எழுதியிருந்தோம். ‘எஸ்.ஓ.எஸ்.’ (தேவைப்பட்டால் மட்டும்) என்று எழுதினால் வேளைக் கணக்கு காலியாக இருக்கும். பெருக்க எண் இல்லாததால் விதி சத்தமில்லாமல் ‘சரி’ என்று விட்டுவிட்டது. இப்போது எஸ்.ஓ.எஸ். என்றால் நாலு வேளை என்று எடுத்துக்கொள்ளும். இன்னொன்று, 72 கிலோ எடையுள்ள 14 வயதுப் பையனுக்குக் கிலோவுக்கு 15 என்று போட்டால் 1,080 மி.கி. வரும். பெரியவருக்கே ஒரு வேளைக்கு 1,000தான். எடைக் கணக்கு எதுவானாலும் பெரியவர் அளவைத் தாண்டாதபடி ஒரு மூடி போட வேண்டும்.

மெட்ஃபார்மினும் 29.86ம்

சிறுநீரக வடிகட்டு வேகத்தை க்ரியாட்டினின், வயது, பாலினம் மூன்றையும் வைத்து 2021ஆம் ஆண்டின் சி.கே.டி.-எபி சூத்திரப்படி சேவையே கணக்கிடுகிறது. அது 30க்குக் கீழே போனால் சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் கூடாது. 30 முதல் 45 வரை புதிதாகத் தொடங்க வேண்டாம்; ஏற்கெனவே சாப்பிடுகிறவர் என்றால் நாளொன்றுக்கு 1,000 மி.கி.க்கு மேல் வேண்டாம். எழுதுவதற்கு இரண்டே வரி.

60 வயதுப் பெண், க்ரியாட்டினின் 1.9. கணக்கு 29.86 என்று வருகிறது. லேப் அறிக்கையில் முழு எண்ணாக 30 என்று அச்சானது. எங்கள் விதி 29.86ஐ வைத்து ‘30க்குக் கீழே’ என்று அபாய அட்டை காட்டியது. கையில் 30 என்ற தாள், திரையில் 30க்குக் கீழே என்ற சிவப்பு. மருத்துவர் தாளைத்தான் நம்பினார். அதில் தவறொன்றும் இல்லை. அதன்பின் அந்த விதி எதைச் சொன்னாலும் அவர் பார்ப்பதில்லை. லேபும் சேவையும் ஒரே கணக்கை எடுத்து, ஒரே தசம இடத்தோடு 29.9 என்று காட்டும்படி மாற்றினோம். க்ரியாட்டினின் 1.8 ஆனால் அதே பெண்ணுக்கு 31.9 வரும். ஒரே ரத்தத்தை இருமுறை ஓட்டினாலும் 0.1 மாறக்கூடும் என்பதால், எல்லைக்குப் பக்கத்தில் அட்டை ‘திரும்பப் பரிசோதிக்கவும்’ என்றும் சொல்கிறது.

முடிவு எத்தனை நாள் பழையது என்பதும் முக்கியம். கடந்த கணக்கு 60க்கு மேலே இருந்தால் ஒரு வருடம் செல்லும். 60க்குக் கீழே என்றால் மூன்று மாதம். வார்டில் 48 மணி நேரம். க்ரியாட்டினினே இல்லாதவருக்கு முதல் பதிப்பு எதுவும் சொல்லவில்லை. இரண்டாம் பதிப்பு எல்லோருக்கும் சொல்லி வெறுப்பேற்றியது. இப்போது ஒரு வருடமாக இல்லாதவருக்கு மட்டும் திரையின் ஓரத்தில் ஒரு வரி வரும். அதிலேயே பரிசோதனை எழுதும் பொத்தான் இருக்கும்.

வார்டில் ஒரு முக்கியமான விலக்கு உண்டு. க்ரியாட்டினின் 48 மணி நேரத்தில் 0.3 ஏறியிருந்தால் சிறுநீரகம் அப்போதுதான் அடிபட்டுக்கொண்டிருக்கிறது. சூத்திரம் தரும் எண் உண்மையைவிட நல்லதாகத் தெரியும். அப்போது எண்ணைக் காட்டாமல் ‘க்ரியாட்டினின் ஏறுகிறது, கணக்கை நம்ப வேண்டாம்’ என்று காட்டுகிறோம்.

பொட்டாசியம் விதியும் ஒன்று இருந்தது: ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றக்கூடிய ஸ்பைரோனோலாக்டோன், எனாலாப்ரில் இரண்டையும் சேர்த்து எழுதினால் பொட்டாசியம் பார்த்து எச்சரிப்பது. ஓ.பி.யில் சீட்டு எழுதும் நேரத்தில் அன்றைய பொட்டாசியம் வந்திருக்காது. மாலையில் வரும்போது நோயாளி பஸ் ஏறியிருப்பார். அதை மருந்துத் திரையிலிருந்து எடுத்து லேப் பக்கம் நகர்த்தினோம். அதிகப் பொட்டாசியம் வந்து, நோயாளி இந்த மருந்துகளில் இருந்தால், லேப் டெக்னீஷியன் திரையில் தொலைபேசி எண்ணோடு வரும்.

ஒவ்வாமை

ஒவ்வாமைக் கட்டத்தில் ‘ஊசி போட்டா அரிப்பு’, ‘சல்பா’, ‘பென்சிலின் வாந்தி’ என்று தோன்றியபடி எழுதியிருந்தது. இதை எந்த விதியும் படிக்காது. உட்பொருள், என்ன ஆயிற்று, எப்போது என மூன்று கட்டமாகப் பிரித்து, பழைய பதிவுகளை ஸ்டாஃப் நர்ஸ்கள் நோயாளி வரும்போது கேட்டுக் கேட்டு மாற்றினார்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு மட்டும் என்றால் அது ஒவ்வாமை இல்லை. தனியே பதிந்து எச்சரிக்கையிலிருந்து விலக்கினோம். தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல், மயக்கம் இருந்தால் மட்டுமே திரை மறிக்கும்.

செஃப்ட்ரையாக்சோன் போன்ற செஃபலோஸ்போரின் வகை ஆன்டிபயாட்டிக்குகளை மொத்தமாகப் பென்சிலினோடு கட்டியிருந்தது தவறு. மூலக்கூறில் பக்கச் சங்கிலி என்ற பகுதி ஒத்திருப்பவற்றுக்கு மட்டும் எச்சரித்தால் போதும்: ஆம்பிசிலினுக்கு செஃபலெக்சின், செஃபாக்ளோர், அமாக்சிசிலினுக்கு செஃபாட்ராக்சில். செஃப்ட்ரையாக்சோனுக்கு இப்போது மறிப்பு இல்லை. முன்பு மயக்கமோ மூச்சுத்திணறலோ வந்தவர் என்றால் ஓரத்தில் ஒரு தகவல் வரி வரும்.

காட்டாமல் ஓட்டியது

மூன்றாம் முறை தொடங்கும் முன் விதிகளை 14 நாள் சத்தமில்லாமல் ஓட்டினோம். திரையில் எதுவும் வராது. எது எப்போது எழுந்திருக்கும் என்பது பதிவேட்டில் மட்டும் ஏறும். வாரம் ஒருமுறை ஒரு மருத்துவர், பார்மசிஸ்ட், ஸ்டாஃப் நர்ஸ் மூவரும் அரை மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொரு வரிக்கும் ‘தேவை’, ‘சரிதான், ஆனால் தேவையில்லை’, ‘தவறு’ என்று மூன்றில் ஒன்றைக் குறிப்பார்கள். பாதிக்குமேல் ‘தேவை’ பெறாத விதி திரைக்கு வராது. 41இல் 9 தேறின: குழந்தை அளவு, பாராசிட்டமால் நாள் மொத்தம், ஒவ்வாமை, மெட்ஃபார்மின், சிறுநீரகக் குறைவில் வலி மாத்திரை, ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரினோடு கோ-ட்ரைமாக்ஸசோல் அல்லது மெட்ரோனிடசோல் அல்லது ஃப்ளூகோனசோல், தினசரி மெத்தோட்ரெக்சேட், கர்ப்பத்தில் கூடாதவை, ஆஸ்துமாவில் பீட்டா தடுப்பான். இதைச் செய்யாமல் எந்த விதியையும் நோயாளி இருக்கும் திரையில் விடாதீர்கள்.

அட்டையில் என்ன எழுதுவது, எங்கே மறிப்பது

முதல் பதிப்பின் வாசகம்: ‘வார்ஃபரினுக்கும் மெட்ரோனிடசோலுக்கும் இடையில் இடைவினை ஏற்படக்கூடும். கவனமாக இருக்கவும்.’ கவனமாக இருந்து என்ன செய்வது என்று அதில் இல்லை. இப்போதைய வாசகம்: ‘வார்ஃபரின் 3 மி.கி. சாப்பிடுகிறார். கடைசி ஐ.என்.ஆர். 2.6, 20 நாள் முன். மெட்ரோனிடசோல் சேர்ந்தால் ஏறும். 3 முதல் 5 நாளில் ஐ.என்.ஆர். எழுதவா?’ (ஐ.என்.ஆர். என்பது ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண்.) கீழே ‘எழுது’ என்ற பொத்தான். நோயாளியின் சொந்த எண், ஒரு காரணம், செய்ய வேண்டிய ஒரு வேலை. மூன்றில் ஒன்று குறைந்தாலும் யாரும் படிப்பதில்லை.

தாண்டிப் போகக் காரணம் எழுதச் சொல்லி ஒரு காலிக் கட்டம் வைத்திருந்தோம். அதில் வந்தவை பெரும்பாலும் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி. இப்போது நான்கு பொத்தான்கள்: ‘பயன் அதிகம், கண்காணிக்கிறேன்’, ‘ஏற்கெனவே சாப்பிடுகிறார், பிரச்சினை இல்லை’, ‘பதிவு தவறு’, ‘வேறு’. ‘பதிவு தவறு’ அழுத்தினால் அதைத் திருத்தும் வேலை நர்ஸ் பட்டியலில் போய் விழும்.

முழுக்கத் தாண்ட முடியாத மறிப்பு ஒன்றே ஒன்று: வாய்வழி மெத்தோட்ரெக்சேட்டைத் தினசரி என்று எழுதுவது. இங்கே புற்றுநோய் வார்டு இல்லை. மூட்டு நோய்க்கும் சொரியாசிஸுக்கும் வாரம் ஒருமுறைதான். எழுதும்போதே கிழமையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். லேபிளில் ‘வாரத்தில் ஒரே நாள், புதன்கிழமை மட்டும்’ என்று தடித்த எழுத்தில் வரும். வார்ஃபரினுக்கும் இப்படி மறிக்கலாமே என்று கேட்டார்கள். பிலடெல்ஃபியாவில் இரண்டு மருத்துவமனைகளில் வார்ஃபரின், கோ-ட்ரைமாக்ஸசோல் சேர்க்கைக்கு ஏறத்தாழ முழு மறிப்பு வைத்துச் சோதித்தார்கள். நான்கு நோயாளிகளுக்குத் தேவையான மருந்து தாமதமானதால் சோதனையையே பாதியில் நிறுத்தினார்கள். 2010இல் வெளிவந்த ஆய்வு அது. தேவைப்படும் சூழ்நிலை ஒன்றாவது இருக்கும் மருந்துக்கு முழு மறிப்பு வைக்கக்கூடாது.

செத்துப்போனது தெரியாமல் போவது

பாஸ்டனின் பிரிகாம் அண்ட் விமன்ஸ் மருத்துவமனையில், இதயத் துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் சாப்பிடுகிறவர்களுக்குத் தைராய்டு பரிசோதனையை நினைவூட்டும் விதி ஒன்று இருந்தது. 2009இல் அந்த மருந்தின் உள் குறியீட்டு எண் மாற்றப்பட்டது. விதி பழைய எண்ணையே தேடிக்கொண்டிருந்தது. அது கண்டுபிடிக்கப்பட்டது 2013இல். விதி எழாவிட்டால் யாரும் புகார் செய்வதில்லை; அதனால்தான் இத்தனை வருடம்.

எனவே ஒவ்வொரு விதிக்கும் இரண்டு சோதனை நோயாளிகளை உருவாக்கினோம்: ஒருவருக்கு விதி எழ வேண்டும், மற்றவருக்கு எழக்கூடாது. 29.86 பெண்ணும் 31.9 பெண்ணும் அதில் உண்டு. இரவு 2 மணிக்கு ஒரு நிரல் எல்லோருக்கும் மருந்து எழுதிப் பார்க்கும். ஒன்று தவறினாலும் பொறுப்பாளரின் கைபேசிக்குக் குறுஞ்செய்தி போகும். முதல் இரவு அந்தச் சீட்டுகள் பார்மசி வரிசைக்குப் போய், காலையில் யாருமே வாங்க வராத மருந்துகள் எடுத்து வைக்கப்பட்டிருந்தன. சோதனை நோயாளிகளைத் தனிப் பிரிவில் வைத்து, பார்மசி, பில், அறிக்கை மூன்றிலிருந்தும் விலக்க மறக்காதீர்கள்.

சேவை நின்றுபோனால் மருந்து எழுதுவது நிற்கக்கூடாது. சீட்டு போகும், ஆனால் திரையின் மேலே ‘இப்போது சோதனை நடக்கவில்லை’ என்ற மஞ்சள் பட்டை நிற்கும். பட்டை இல்லாத காலத்தில் ஒருமுறை மின்தடைக்குப் பின் சேவை மட்டும் எழும்பாமல் இரண்டு நாள் கிடந்தது. எச்சரிக்கை வராததை எல்லோரும் நல்ல செய்தியாகவே எடுத்துக்கொண்டார்கள்.

செலவும், திரும்பச் செய்தால் மாற்றுவதும்

கணினி, யு.பி.எஸ்., லேபிள் அச்சுப்பொறி, பார்கோடு ஸ்கேனர், எடைக் கருவி எல்லாம் சேர்த்து 85,000 ரூபாய்க்குள் முடிந்தது. மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் இல்லை. பெரிய செலவு ஆட்களின் நேரம்: பார்மசிஸ்ட் 60 மணி நேரத்துக்குக் குறையாமல், ஸ்டாஃப் நர்ஸ்கள் ஒவ்வாமைப் பதிவுக்கு இரண்டு மாதம் பகுதிநேரமாக, நிரலாளர் மூன்று மாதம். இன்றும் வாரம் அரை மணி நேரக் கூட்டமும் பார்மசிஸ்டின் மாலை வேலையும் தொடர்கின்றன. அந்த இரண்டுக்கும் ஆள் ஒதுக்க முடியாத இடத்தில் இதைத் தொடங்க வேண்டாம்.

திரும்பச் செய்தால் நிரலாளரை மூன்றாம் மாதம்தான் கூப்பிடுவோம். முதல் இரண்டு மாதம் மருந்துப் பட்டியல், எடை, ஒவ்வாமைக் கட்டம். அதன்பின் மூன்றே விதிகள்: குழந்தை அளவு, பாராசிட்டமால் மொத்தம், மெத்தோட்ரெக்சேட். மூன்றும் லேபை நம்பியிராதவை, மருந்துப் பட்டியல் சுத்தமாக இருந்தாலே ஓடிவிடும். மெட்ஃபார்மினை அதற்கடுத்த சுற்றில் சேர்ப்போம்.

இப்போது மேசையில் இருப்பது 2.4 மி.லி. பிரச்சினை. லேபிள் சரியாக 2.4 என்று அச்சிடுகிறது. சிரப் பாட்டிலின் மூடியில் 2.5க்கும் 5க்கும்தான் கோடு. மூடியோடு போகும் பாட்டிலுக்கு, எடைக் கணக்கு கிலோவுக்கு 16ஐத் தாண்டாத வரை அளவைப் பக்கத்துக் கோட்டுக்கு நகர்த்தலாம் என்று எழுதியிருக்கிறோம். 8 கிலோ குழந்தைக்கு 2.5 மி.லி. என்றால் 125 மி.கி., கிலோவுக்கு 15.6, அது போகும். 6 கிலோ குழந்தைக்கு வர வேண்டியது 90 மி.கி., 1.8 மி.லி. அதை 2.5க்கு நகர்த்தினால் கிலோவுக்கு 20.8 ஆகிவிடும், அது போகாது. அந்தக் குழந்தைகளுக்கு வாய்வழி சிரிஞ்சு ஒன்றை லேபிளில் சொன்ன கோடு வரை மார்க்கரால் குறித்து, பாட்டிலோடு ரப்பர் பேண்டில் கட்டிக் கொடுத்துப் பார்க்கிறோம். மார்க்கர் மை சுடுதண்ணீரில் கழுவினால் அழிகிறது. அடுத்து ஒட்டும் நாடா.